தலைநகர் இடம் பெயர்ந்த கரை: கொற்கை, காயல், தூத்துக்குடி



கோவில்பட்டியிலும் எட்டயபுரத்திலும் விளாத்திகுளத்திலும் வாழும் நம் குடும்பங்களுக்குத் தூத்துக்குடி என்பது மாவட்டத் தலைநகர். பட்டா, சான்றிதழ், வழக்கு, மருத்துவம் என ஏதேனும் ஒரு காரியமாக அங்கே செல்கிறோம். காரியம் முடிந்ததும் ஊர் திரும்புகிறோம். 1986ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்து இம்மாவட்டம் அமைக்கப்பட்டபோது அந்நகர் தலைநகர் ஆயிற்று. அது அரசாணையின் வரலாறு. கரையின் வரலாறு அதைவிட மிக நீளமானது. ஒரு நாளைக்குள் நடந்து கடக்கக்கூடிய தொலைவுக்குள், ஏறத்தாழ 2000 ஆண்டுகளில், மூன்று ஊர்கள் அடுத்தடுத்து இக்கரையின் தலைமையைப் பெற்றன: கொற்கை, காயல், தூத்துக்குடி. முதலிரண்டும் அத்தலைமையை ஏன் இழந்தன? மூன்றாவது அதை எவ்வாறு பெற்றது? இழந்த பின்பு அவ்வூர்களில் எஞ்சியது என்ன? இம்மூன்று வினாக்களையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். இவற்றுள் கடைசி வினா, கடலே காணாத நம் கரிசல் ஊர்களுக்கும் உரியது.

திட்டமிட்டுப் பிறந்த நகரங்கள்

உலகின் கடற்கரைத் தலைநகரங்களுள் சில, பிறந்த நாளும் பெற்றவர் பெயரும் தெளிவாக உடையவை. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் உள்ள அடிலெய்டு அத்தகையது. 1836ஆம் ஆண்டின் இறுதியில் கர்னல் வில்லியம் லைட் என்பவர் அதற்கு இடம் தேர்ந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நிலத்தை அளந்து, நேர் தெருக்களும் சதுக்கங்களும் சுற்றிலும் பூங்கா நிலமுமாக வரைந்தார். துறைமுகத்துக்கு அருகிலேயே நகரை அமைக்க வேண்டும் என்று ஆளுநர் வற்புறுத்தினார். லைட் இணங்கவில்லை. குடிநீர் தரும் ஆறும், மழையைத் தடுத்து நிறுத்தும் மலையும் உள்ள சமவெளியே நகருக்கு ஏற்றது என்று, கடலிலிருந்து சில கல் உள்ளே தள்ளி நகரை நிறுவினார். அவருடைய தந்தை பிரான்சிஸ் லைட்தான் 1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவியவர். அந்தப் பினாங்கில் 'சூலியா' என்றழைக்கப்பட்ட நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடக்கத்திலேயே குடியேறிக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பினர். மகன் நிறுவிய அடிலெய்டிலும், ஒட்டகம் ஓட்ட வந்த ஆப்கானியர்கள் 1880களின் இறுதியில் ஒரு பள்ளிவாசலைக் கட்டினர். அது இன்றும் நிற்கிறது.

நம் கரையின் நகரங்களுக்கு இப்படி ஒரு லைட் இல்லை. எந்த மன்னனும் வரைபடம் விரித்து இங்கே நகரை அமை என்று ஆணையிடவில்லை. ஆனால் கர்னல் லைட் எதிர்கொண்ட அதே சிக்கல் இங்கேயும் உண்டு. நல்ல தண்ணீர் ஓரிடத்தில் இருக்கிறது. நல்ல துறை வேறிடத்தில் இருக்கிறது. இக்கரையின் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

நிலமும் நீரும்

மேற்கே பொதிகை. அங்கே பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றின் இருபுறமும் நெல்லும் வாழையும் விளையும் பசுமை. அதற்குத் தெற்கே செம்மணல் தேரி. வடக்கே நம் கரிசல்: மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்பு மண். பருத்தி, சோளம், கம்பு, உளுந்து ஆகியவை அதன் பிள்ளைகள். மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும்.

கிழக்கே கடல். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். கரையோரக் கடல் ஆழமற்றது, வெதுவெதுப்பானது. அதன் அடிப்பரப்பில் இருந்த பார்களில் முத்துச் சிப்பிகள் செழித்தன. முத்தையும் சங்கையும் தேடியே உலகம் முதலில் இங்கே வந்தது.

இந்த அமைப்பில் ஆறு இரண்டு வேலை செய்தது. மலைநீரைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் நகரை வளர்த்தது. அதே நீரில் வண்டலையும் கொண்டுவந்து, தான் வளர்த்த நகரின் துறையைத் தானே மூடியது.

கொற்கை: கடல் விட்டுச் சென்ற ஊர்

பாண்டியரின் பழைய தலைநகராகவும் முத்துத் துறையாகவும் புகழ்பெற்றது கொற்கை. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க வணிகக் கையேடும், இரண்டாம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமியும் 'கொல்கோய்' என்று குறிப்பிடுவது இவ்வூரையே. அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிப்பு நடத்தப்பட்டதாகப் பெரிப்ளூஸ் கூறுகிறது. உரோமப் பெருமாட்டிகளின் கழுத்தை அலங்கரித்த முத்துக்கு இங்கே விலை கொடுத்தவர் யார் என்பதை அந்த ஒரு செய்தி உணர்த்துகிறது.

இன்று கொற்கைக்குச் சென்றால் கடல் தெரிவதில்லை. வயலும் வாழைத் தோப்பும் குளமும் சூழ்ந்த சிற்றூர் அது. கடல் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அகழ்ந்து பார்த்த இராபர்ட் கால்டுவெல், ஆற்று வண்டலால் நிலம் முன்னேறியதும் கொற்கை கடலை இழந்தது என்றும், அதன் இடத்தைக் காயல் பெற்றது என்றும் விளக்கினார். பகைவர் படையெடுத்து அழித்த நகரங்கள் உண்டு. கொற்கையை ஆண்டுக்கு ஒரு பிடி மண் அழித்தது. அங்கே வாழ்ந்த தலைமுறைகளுள் எதற்கும் அது கண்ணில் பட்டிருக்காது.

காயல்: குதிரையும் முத்தும்

'காயல்' என்றால் கடலோடு தொடர்புடைய உப்பங்கழி. ஆற்றின் புதிய முகத்துவாரத்தில் எழுந்த அந்தத் துறை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் உச்சம் பெற்றது. 1290களில் இவ்வழியே சென்ற மார்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் யாவும் இந்நகரில் தங்குவதாக எழுதியுள்ளார். கால்டுவெல் அந்நகரை இன்றைய பழையகாயலோடு அடையாளம் கண்டார்.

நம் சமூகத்தின் வரலாற்றில் இக்காலம் தனி இடம் பெறுவது. பாரசீக வளைகுடாவில் கீஷ் தீவை மையமாகக் கொண்டு பெரும் வணிகம் நடத்தியவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன். அவருடைய உடன்பிறந்தவரான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியனின் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைகளை நிர்வகித்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவது, ஒவ்வொன்றுக்கும் 220 செம்பொன் தினார் விலை பெறுவது, வழியில் இறக்கும் குதிரைகளுக்கும் பாண்டியனே விலை தருவது என்பது ஒப்பந்தம். இங்கு வந்த குதிரைகள் நெடுநாள் வாழவில்லை. அவற்றைப் பேணும் முறையும் தகுந்த தீவனமும் இங்கே அறியப்படாததால், ஆண்டுதோறும் புதிய குதிரைகள் தேவைப்பட்டன.

சைவ, வைணவ மன்னன் ஒருவன் தன் சுங்கத்துறைகளை ஒரு முஸ்லிமின் கையில் ஒப்படைத்தான் என்பதைப் பெருமையாக மட்டும் படித்துச் செல்வதில் பயனில்லை. கடல் வணிகம் முழுவதும் நம்பிக்கையின் மீது நிற்பது. கரையில் நின்று பொன்னைக் கொடுப்பவன், பல மாதப் பயணத்துக்கு அப்பால் உள்ள ஒருவன் சொன்ன சொல்லைக் காப்பான் என்று நம்பியாக வேண்டும். அமானத் என்று நாம் மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது, இந்தத் துறையில் 1,400 குதிரைகளின் கணக்காக நின்றது. காயல்பட்டினத்தின் பள்ளிவாசல் ஒன்று வேணாட்டு மன்னனின் பெயரால் 'உதய மார்த்தாண்டப் பெரும்பள்ளி' என்று கல்வெட்டில் குறிக்கப்பட்டிருப்பதும் அதே நம்பிக்கையின் மற்றொரு சான்று.

அந்த நம்பிக்கை எப்போதும் நீடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பின் வருவாயும் அதிகாரமும் யாருக்கு என்பதில் முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவ மக்களுக்கும் கடும் பகை மூண்டது. ஒரே கடலில் ஒரே தொழில் செய்தவர்கள் இருவரும். 1530களில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். பெருந்திரளாகக் கிறிஸ்தவம் தழுவினர். 1538இல் வேதாளையில் நடந்த கடற்போரில் மரைக்காயர்களின் கப்பற்படை போர்ச்சுக்கீசியரிடம் தோற்றது. அண்டை வீட்டாருடன் இருந்த வழக்கைத் தீர்க்க முடியாமல் போனபோது, மூன்றாமவர் வந்து கடலையே எடுத்துக்கொண்டார். ஆற்று மணலும் அரசியலும் சேர்ந்து காயலின் காலத்தை முடித்தன.

தூத்துக்குடி: ஆற்றை விட்டு விலகிய துறை

அடுத்துத் தலைமை பெற்ற ஊர், ஆற்று முகத்துவாரத்தில் அமையவில்லை. அதுவே அதன் பலமாயிற்று. முகத்துவாரத்துக்கு வடக்கே விலகி நின்ற தூத்துக்குடிக்குத் தாமிரபரணியின் வண்டல் அந்த அளவில் வந்து சேரவில்லை. முன்னே கிடந்த தீவுகள் அலையின் வேகத்தைத் தணித்தன. கடலோரத்தைத் தூர்த்துக் குடியேறியதால் 'தூர்த்துக்குடி' என்றாகிப் பின் தூத்துக்குடி ஆனது என்று ஊர்ப்பெயருக்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. கொற்கையை முடித்த அதே மண்ணை வைத்துத்தான் இந்த ஊர் தன் பெயருக்குப் பொருள் சொல்கிறது.

போர்ச்சுக்கீசியர் அதைத் தம் இருப்பிடமாக்கினர். 1658இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றினர்; முத்து, சங்கு, துணி ஆகியவை அவர்களுடைய வணிகம். இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று வளையலாயிற்று. கைமாற்றங்கள் பலவற்றுக்குப் பின் 1825இல் நகர் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1866இல் நகராட்சி ஆனது.

ஆயினும் ஆற்றை விட்டு விலகியதற்கு நகர் இரண்டு விலைகள் கொடுத்தது. முதலாவது தண்ணீர். கிணறு தோண்டினால் உப்பு நீர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, தாமிரபரணி நீரை வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே கொண்டுவரப் பாடுபட்டார். இன்றும் அந்நகர மக்கள் அவரை நன்றியோடு நினைப்பதற்கு அதுவே காரணம். தண்ணீர் தந்தவரை ஊர் மறப்பதில்லை. இரண்டாவது ஆழம். கரையோரக் கடல் ஆழமற்றதால் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட்டன; சரக்கைத் தோணிகளே ஏற்றி இறக்கின. அந்தத் தோணிகளும் அவற்றை ஓட்டியவர்களும் இல்லையேல் துறைமுகமே இல்லை. கடலுக்குள் இருபுறமும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் அலைதடுப்புகள் கட்டி, ஆழம் தோண்டி, புதிய துறைமுகம் அமைத்த பிறகே பெரிய கப்பல்கள் கரையைத் தொட்டன. 1974இல் அது நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. இயற்கை தராத ஆழத்தை மனிதர் தோண்டிப் பெற்றனர்.

கரிசல் கட்டிய துறைமுகம்

தூத்துக்குடியைக் கட்டியது கடல் என்று அனைவரும் சொல்வர். நம் கரிசலுக்கு அதில் உள்ள பங்கைச் சொல்வார் குறைவு. முத்து வருவாய் நிலையற்றது. சிப்பி விளையாத ஆண்டுகள் தொடர்ந்து வரும்; கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகருக்கு நிலையான சரக்கைத் தந்தது பருத்தி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் புன்செய்களில் விளைந்த பருத்தி, மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்குச் சென்று, அங்குள்ள ஆலைகளில் அரைத்து அழுத்திப் பொதியாக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அந்நாட்டுப் பருத்தி வராமல் போகவே, இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. நம் கறுப்பு மண்ணின் விலை, கண்காணாத ஒரு நாட்டின் போரால் தீர்மானிக்கப்பட்டது. இந்தப் பருத்தியை மேம்படுத்தவே 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 'கருங்கண்ணி' என்று நம் முன்னோர் அழைத்த பருத்தி இம்மண்ணுக்கே உரியது.

1876இல் மதுரையிலிருந்து விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. ஒரே ஆண்டில் இருப்புப் பாதையும் பசியும் கரிசலுக்கு வந்தன. வானம் பொய்த்த காலங்களில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் பல, இத்துறையிலிருந்தே கப்பலேறின. பருத்திப் பொதி போன அதே வழியில் மனிதர்களும் போனார்கள். பாம்பன் பாலம் கட்டி 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோருக்கும் தூத்துக்குடியே வாயில்.

மழை இல்லாமை கரிசலுக்குச் சோதனை. அதே வறட்சி தூத்துக்குடிக்குப் பிழைப்பாயிற்று. வெயிலும் காற்றும் உள்ள அந்தக் கரையில் உப்பளங்கள் பரந்தன. உப்பு உற்பத்தியில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. பாத்தியில் வெறுங்காலோடு நின்று உப்பு வாரும் பெண்களின் உழைப்பு அந்த வெண்மைக்குள் இருக்கிறது. அவர்களுடைய கூலி தாமதமின்றிச் சேர வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த நெறி. உப்பை உண்ணும் ஒவ்வொருவருக்கும் அது பொருந்தும்.

சுதேசிக் கப்பலில் நம் பங்கு

இந்நகரின் இயல்பை அறிய 1906ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். கரிசல் ஊரான ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனி நடத்திய கப்பல் போக்குவரத்துக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனியை அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். அதில் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் ஒருவர் மட்டும் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் செலுத்தினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிமின் கையிலிருந்து வந்தது. 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வாங்கப்பட்டு ஓடின.

1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணை நின்றார். அவ்வாண்டு மார்ச் மாதம் கைது செய்யப்பட்டார். ஆட்சியின் அடக்குமுறையும், கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போன எதிர்க்கம்பெனியின் போட்டியும் சுதேசிக் கம்பெனியை வீழ்த்தின. கப்பல்கள் போய்விட்டன. ஆனால் இந்து, முஸ்லிம், பரதவர், ஆலைத் தொழிலாளி, வழக்கறிஞர் என்று பிரிந்து கிடந்தோர் ஒரே கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதிய அந்த முயற்சி, 1530களில் இக்கரையில் நேர்ந்த பிளவுக்கு ஒரு மறுமொழியாக நமக்குத் தோன்றுகிறது.

இன்றைய தூத்துக்குடியில் அந்தக் கலப்பைத் தெருவிலேயே காணலாம். 1713இல் கட்டிய பனிமய மாதா பேராலயம், பள்ளிவாசல்கள், கோயில்கள், கப்பல் முகவர்களின் அலுவலகங்கள் ஆகியவை அருகருகே நிற்கின்றன. முந்திரியும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் அவ்வூரின் அடையாளம். பெயர் ஐரோப்பியருடையது, கைப்பக்குவம் ஊராருடையது. வந்தவர் விட்டுச் சென்றதையும் தனதாக்கிக்கொள்வதே துறைமுக நகரின் குணம்.

துறை போன பின் எஞ்சியது

இப்போது நம் கடைசி வினாவுக்கு வருவோம். கொற்கையும் காயலும் தம் துறையை இழந்தன. இழப்பு ஒன்றே, ஆனால் இழந்த பின் நேர்ந்தது ஒன்றல்ல. கொற்கை வயலாயிற்று. அதன் பெருமையை இன்று அகழாய்வுக் குழிகளிலும் பழைய நூல்களிலும் தேட வேண்டியுள்ளது. காயலின் வாரிசாக விளங்கும் காயல்பட்டினமோ, உலக வணிகத்தின் மையம் என்ற இடத்தை இழந்த அதே காலத்தில் கல்வியின் மையமாக எழுந்தது.

1632இல் காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அரபு மொழியில் ஆழ்ந்த புலமையும் ஆன்மிகமும் ஒருங்கே பெற்றவர். அவர்களிடம் பயின்றோர் தமிழகக் கரை நெடுகிலும் பரவினர். நபிகள் நாயகத்தின் மீது 'திருப்புகழ்' பாடிய காசிம் புலவரும் அவ்வூரினரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1816இல் அங்கே பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்), அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் நூல்கள் யாத்து, வீட்டுப் பெண்களுக்கும் மார்க்கக் கல்வி சென்று சேர வழி செய்தார்கள். குதிரைக் கப்பல்கள் நின்று நூற்றாண்டுகள் ஆகியும் அந்த ஊரின் பெயரை உலகம் அறிவது இவர்களால்தான்.

அந்தக் கல்வி கரையோடு நிற்கவும் இல்லை. 1642இல் பிறந்த உமறுப் புலவர் வளர்ந்ததும் தமிழ் கற்றதும் நம் எட்டயபுரத்தில். அரசவைப் புலவரான கடிகை முத்துப் புலவர் அவருடைய ஆசிரியர். கரிசல் அவருக்குத் தமிழ் தந்தது. கடற்கரை அவருக்குப் பொருளும் ஆதரவும் தந்தது: கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதல், அரபு மூலங்களில் உள்ள நபிகளாரின் வரலாற்றை அறிந்த மார்க்க அறிஞர்களின் துணை. ஓர் இந்து ஆசிரியரிடம் கற்ற தமிழும், கரையோர ஆலிம்களிடம் கேட்ற வரலாறும் கலந்து 5,000க்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணம் உருவாயிற்று. உமறுப் புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. பருத்தி வண்டிகள் கரைக்குச் செல்லும் முன்பே, கரிசலுக்கும் கடலுக்கும் இடையே இப்படியொரு கொடுக்கல் வாங்கல் நடந்தது.

நமக்கான பாடம்

வறண்ட பள்ளத்தாக்கில், விளைச்சலற்ற நிலத்தில் தம் குடும்பத்தைக் குடியமர்த்திய இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவை நாம் அறிவோம். அந்த மக்கா நகர் மாரிக்காலப் பயணத்தாலும் கோடைக்காலப் பயணத்தாலும் வாழ்ந்ததைத் திருமறை குறைஷ் அத்தியாயத்தில் நினைவூட்டி, அந்தப் பிழைப்பைத் தந்த இறைவனையே வணங்குமாறு பணிக்கிறது. அளவையில் குறைப்போரைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே உண்டு. பிழைப்பு இறைவன் தருவது. அது இடம் மாறக்கூடியது. அதை நாணயத்தோடு நடத்துவதும் அதைக் கொண்டு நிலைத்த ஒன்றைச் செய்வதும் மனிதர் மீதுள்ள பொறுப்பு. இக்கரையின் மூன்று நகரங்களும் இதையே நமக்குச் சொல்கின்றன.

நம் கரிசல் ஊர்களின் தலைமுறைகள் தீப்பெட்டியை நம்பி வளர்ந்தன. இன்று லைட்டர் வந்து அத்தொழிலை நெருக்குகிறது. 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023இல் தடை விதிக்க வேண்டிய நிலை வந்ததென்றால், நெருக்கடியின் அளவு புரியும். கொற்கையில் படிந்த வண்டலைப் போலவே இதுவும் ஆண்டுக்குச் சிறிது சிறிதாகவே வரும். தொழில் மாறும், அதைத் தடுத்து நிறுத்த யாராலும் இயலாது. அது மாறும்போது நம் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கும் என்பதே கேள்வி. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் இருந்தால் காயல்பட்டினத்தின் வழி. இல்லையேல் கொற்கையின் வழி. வருமானம் நன்றாக இருக்கும் காலத்திலேயே இதற்குச் செலவிட வேண்டும். துறை தூர்ந்த பின் பள்ளி கட்டப் பொருள் இராது.

இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிடக் கூடுதலான மழை ஒரே நாளில். தாமிரபரணி தன் பழைய தாழ்நிலங்களையெல்லாம் தேடிச் சென்றது. அன்று செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் திறந்து, வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்கு இடமும் உணவும் கொடுத்தது. வரைபடமும் அரசாணையும் நகரின் எல்லையைக் குறிக்கலாம். வெள்ளத்தன்று எந்தக் கதவு திறக்கிறது என்பதில்தான் ஓர் ஊர் ஊராகிறது.

அடுத்த முறை ஏதேனும் காரியமாகத் தூத்துக்குடிக்குச் செல்லும்போது, பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் கொற்கைக் குளக்கரையில் சற்று நில்லுங்கள். காயல்பட்டினத்தின் பழம்பள்ளிகளைக் காட்டுங்கள். எட்டயபுரத்தில் உமறுப் புலவரின் அடக்கத்தலத்தில் அவருக்காக துஆச் செய்யுங்கள். பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருமறை நமக்கு இட்ட பணியை, நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நாளில் நிறைவேற்றலாம்.

வல்ல அல்லாஹ் நம் பிழைப்பில் பரக்கத்தையும், நம் வணிகத்தில் நாணயத்தையும், நம் சந்ததிகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அண்டை அயலாரோடு இணக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.